பனையில் ஏறிய ஆல்

யாழ்ப்பாணத்தில் பனையோடு சேர்ந்து வளர்ந்த ஆலமரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. தெருவோரத்தில், கோயில் வீதியில், வயல் வரம்பில் நெட்டையாக ஒரு பனை நிற்கும். அதன் உடம்பைச் சுற்றிப் பின்னிக்கொண்டு ஆலம்வேர் கீழே இறங்கியிருக்கும். உச்சியில் பனையோலையும் ஆலிலையும் கலந்து தெரியும். கோயில் பக்கத்தில் என்றால் அடியில் ஒரு கல்லும் விளக்கும் வந்துவிடும்.

பார்க்கிறவர் கண்ணுக்கு அங்கே நிற்பவை இரண்டு மரங்கள்தான். ஆனால் அந்த இடத்துக்கு வேறு சிலரும் வந்து போயிருக்கிறார்கள். இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு குளவி ஆலுக்கு வித்துக் கட்ட வைத்தது. குயிலோ கொண்டைக்குருவியோ வௌவாலோ அந்த வித்தைப் பனையின் உச்சிக்குக் கொண்டுபோனது. காலால் நடக்கத் தெரியாத மரம் முப்பது நாற்பது அடி உயரத்தில் போய் முளைத்ததென்றால் யாரோ தூக்கிப் போனார்கள் என்றுதான் பொருள். தூக்கிப் போனவருக்குக் கூலியும் கிடைத்திருக்கிறது.

இப்படி இரண்டு தரப்பும் பயன் பெறும் உறவுகளை 1870களில் பெல்ஜிய விலங்கியலாளர் பியேர் ஜோசப் வான் பெனடன் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இயற்கை என்றவுடன் கொல்வதும் தின்பதுமே முதலில் கண்ணில் படும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு சாதாரண வளவையும் அதன் வேலியையும் அடுத்துள்ள தோட்டத்தையும் சுற்றி வந்தாலே அவர் சொன்ன உறவுகளில் ஏறக்குறைய எல்லா வகையையும் காணலாம்.

பழத்துக்குள் பூ

ஆல் பூப்பதை யாரும் காண்பதில்லை, ஏனென்றால் அதன் பூக்கள் வெளியே வருவதில்லை. ஆலங்காய் என்று நாம் சொல்வது உள்பக்கமாகக் குழிந்த ஒரு பூங்கொத்து. அதன் உட்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் இருக்கும். நுனியில் செதில்கள் நெருக்கமாக அடுக்கி மூடிய ஒரு சிறு வாய் உண்டு. பூக்கள் தயாராகும் நாளில் காய் ஒரு மணத்தை வெளிவிடும். அந்த மணம் தேடிப் பெண் குளவி வரும்.

வாய் வழியே நுழைவது அதற்குப் பெரும்பாடு. செதில்களுக்கு நடுவே நெருக்கிப் போகையில் சிறகு கழன்றுவிடும். உணர்கொம்பும் பெரும்பாலும் முறியும். உள்ளே போன குளவி மறுபடி வெளியே வராது. தான் பிறந்த மரத்திலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பெண் பூக்களில் தடவிவிட்டு, சில பூக்களின் சூலில் முட்டையிட்டு அங்கேயே இறந்துபோகும். முட்டை விழுந்த பூவில் குளவிக் குஞ்சு வளரும். மற்றப் பூக்களில் வித்து உண்டாகும். ஆலைப் பொறுத்தவரை ஒவ்வொரு குஞ்சும் ஒரு வித்தின் விலை.

சில வாரம் கழித்து முதலில் ஆண் குளவிகள் வெளிவரும். அவற்றுக்குச் சிறகில்லை. கூடிய பின் காயின் சுவரைக் கடித்து வழி திறந்துவிட்டு அவை சாகும். சிறகுள்ள பெண்கள் அப்போது முதிர்ந்திருக்கும் ஆண் பூக்களிலிருந்து மகரந்தத்தை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் பறந்துவிடும். அவற்றின் ஆயுள் ஒன்றிரண்டு நாள். அதற்குள் சரியான பருவத்தில் காய் பிடித்திருக்கும் இன்னோர் ஆலைக் கண்டுபிடிக்க வேண்டும். அரசமரம் உதவாது. ஆலுக்கு யூப்பிறிஸ்தினா மசோனி என்ற குளவி. அரசுக்கு வேறொரு இனம். ஆலும் அரசும் அத்தி வகைகளே. உலகில் எழுநூற்றைம்பதுக்கு மேல் அத்தி இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக் குளவி உண்டு.

ஒரே மரத்தில் காய்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பருவத்துக்கு வருவதால், வெளிவந்த குளவிக்குத் தன் மரத்தில் வேலையில்லை. ஆகவே அந்த வட்டாரத்தில் ஏதோ ஓர் ஆல் எப்போதும் காயோடு நின்றாக வேண்டும். நல்லூரில் ஓர் ஆல் ஓய்ந்தால் கோப்பாயில் ஒன்று தொடங்க வேண்டும். குளவி காற்றில் மிதந்து நெடுந்தூரம் போகும். ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஓர் அத்தி இனத்தின் குளவிகள் 160 கிலோமீற்றர் வரை மகரந்தம் கொண்டுசெல்வதை மரபணு ஆய்வு காட்டியது. அப்படியிருந்தும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஊருக்கு ஒன்றாய் நிற்கும் ஆல்களை ஒவ்வொன்றாகத் தறித்துக்கொண்டே போனால் கடைசி மரம் விழுவதற்கு வெகு முன்பே குளவியின் சங்கிலி அறுந்துவிடும்.

குளவி இல்லாத அத்தி என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியா விவசாயிகள் காசு செலவழித்துத் தெரிந்துகொண்டார்கள். 1880களில் துருக்கியின் சிமிர்னா அத்தியை அங்கே கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது; காய் பிடித்தது; பழுக்காமலே உதிர்ந்தது. குளவி வேண்டும் என்ற யோசனையைப் பலர் கிராமத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். 1899இல் குளவியைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்த பிறகுதான் பழம் கிடைத்தது.

சீட்டுக் கணக்கு

குளவி தன் உயிரையே ஆலுக்காகத் தியாகம் செய்கிறது என்றோ, ஆல் குளவியைப் பிள்ளையாக வளர்க்கிறது என்றோ சொல்லத் தோன்றும். அதில் உண்மை இல்லை. இது ஊரில் சீட்டுப் பிடிப்பதைப் போன்றது. அங்கே யாரும் மற்றவர் மீதுள்ள பாசத்தால் காசு கட்டுவதில்லை. தன் முறை வரும் என்பதற்காகவே கட்டுகிறார்கள். ஒருவர் எடுத்துக்கொண்டு கட்டாமல் விட்டால் சீட்டுக் குழம்பும். ஆகவே கட்டாதவரைப் பிடிக்கவும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

அத்திகளிடம் அந்த வழி இருக்கிறது. பனாமாவில் ஆய்வாளர்கள் ஷார்லட் யாண்டேரும் அலன் ஹெரேயும் மகரந்தம் இல்லாத குளவிகளை அத்திக் காய்களுக்குள் விட்டுப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். குளவிகள் தாமே மகரந்தம் சேகரித்துப் பூவில் வைக்கும் அத்தி இனங்களில், மகரந்தம் பெறாத காய்களை மரம் அதிகமாக உதிர்த்தது. உள்ளே இருந்த குஞ்சுகளும் அதோடு போயின. கடமை செய்யாத குளவிக்கு வாரிசு குறையும். இந்த உறவு கோடிக்கணக்கான ஆண்டு நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா ஏமாற்றும் பிடிபடுவதில்லை. மகரந்தம் கொண்டுவராமல் வெளியிலிருந்தே நீண்ட ஊசியால் காயைத் துளைத்து முட்டையிடும் குளவிகளும் ஆலில் உண்டு. பச்சைப்புறா ஆலம்பழத்தைத் தின்னும், ஆனால் அதன் இரைப்பை வித்தை அரைத்துவிடும். கூலியை வாங்கிக்கொண்டு பொதியைக் கொண்டுபோகாத ஆள் அது. அத்தகைய இழப்பைத் தாங்கும் அளவுக்கு மரம் வித்தை அள்ளி வைக்கிறது.

பன்னாடையில் விழுந்த வித்து

குடாநாட்டுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். தை கழிந்தால் நீண்ட வறட்சி. பெரும்பாலான மரங்கள் தத்தம் பருவத்தில் மட்டும் பழுக்க, ஆலும் அரசும் தங்கள் குளவிகளுக்காக முறைமாறி ஆண்டு முழுவதும் காய்க்கின்றன. அதனால் வேறு பழம் கிடைக்காத காலத்திலும் பறவைக்கு ஆலம்பழம் இருக்கும். பெரு நாட்டுக் காடுகளில் இதையே கவனித்த சூழலியலாளர் ஜோன் டெர்போர்க் 1986இல் அத்தி மரங்களைக் காட்டின் ஆதாரக்கல் என்று எடுத்துக் காட்டினார். ஒரு குளவியின் அவசரம் காகம், மைனா, குயில், கொண்டைக்குருவி எல்லாவற்றுக்கும் சோறு போடுகிறது.

தின்ற பறவை பனையின் வட்டில் போய் உட்காரும். பனையின் மட்டையடியில் வலைபோன்ற நாரான பன்னாடை இருக்கிறது. வடலியாக, அதாவது இளம் பனையாக, இருக்கும்போது காய்ந்த மட்டைகளின் அடிப்பகுதி உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடுக்குகளில் தூசியும் சருகும் எச்சமும் சேர்ந்து மக்கி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு பிடி மண் உண்டாகும். ஆலம்வித்துக்கு அது போதும். முளைத்த பிறகு வேரைக் கீழே இறக்குவதே அதன் முதல் வேலை. வேர் நிலத்தைத் தொட்ட நாளிலிருந்து ஆலின் வளர்ச்சி வேகமெடுக்கும்.

இதில் பனைக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. ஆனால் பனை எளிதில் சாவதும் இல்லை. பூவரசையோ மாமரத்தையோ ஆல் இறுக்கினால் அந்த மரம் பருக்கப் பருக்க நெரிபடும். பட்டைக்கு அடியில் உணவு போகும் பாதை நசுங்கி மரம் பட்டுவிடும். பனை புல்லின் உறவு. அது பருமனில் ஆண்டுதோறும் கூடுவதில்லை. நீரும் உணவும் போகும் குழாய்கள் உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. வெளியே இறுக்கினாலும் உள்ளே ஓட்டம் நிற்காது. ஆல் மேலே கவிந்து வெயிலை மறைக்கும்வரை இரண்டும் பல பத்தாண்டுகள் சேர்ந்து நிற்கும்.

இந்தப் பறவைகளின் உழைப்பைப் போர் முடிந்த பிறகு எல்லாரும் பார்த்தோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்கள் பல ஆண்டு கழித்துத் திரும்பியபோது வீடுகளின் இடிந்த சுவர்களில் ஆலும் அரசும் வேர்விட்டிருந்தன. முற்றங்களில் வேம்பு தானாக வளர்ந்திருந்தது. யாரும் நடவில்லை. மனிதர் கால் வைக்க முடியாத நிலத்தில் பறவைகளும் வௌவால்களும் போய்வந்து கொண்டே இருந்திருக்கின்றன.

இலுப்பைக்கு வரும் விருந்தாளி

பழைய வளவுகளிலும் கோயில் காணிகளிலும் எஞ்சி நிற்கும் இலுப்பைக்குப் பகலில் பெரிய வேலையில்லை. அதன் பூ இரவில் தயாராகும். வெளிறிய, சதைப்பற்றான, சீனிச் சத்து நிறைந்த பூவிதழ்க் குழாய். அதிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் சூல்தண்டு. வௌவால் கொத்தின் மேல் வந்து இறங்கி, பூவிதழை வாயால் கவ்விப் பிடுங்கும்போது அதன் முகத்திலும் மார்பிலும் ஒட்டியிருந்த மகரந்தம் சூல்முடியில் படும். இதழைத் தின்றாலும் சூலுக்குக் கேடில்லை. தின்னக் கொடுப்பதற்காகவே ஓர் உறுப்பை உதிரும்படி வைத்திருக்கிறது மரம். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய பழந்தின்னி வௌவால் உட்பட மூன்று இன வௌவால்கள் இலுப்பையின் மகரந்தச் சேர்க்கையில் பங்கெடுப்பதைக் காட்டியது. பிறகு பழம் பழுக்கும்போது அதே வௌவால்கள் மறுபடி வந்து, பழத்தைத் தூக்கிப் போய்ச் சதையைத் தின்று கொட்டையைப் போட்டுவிடும். இலுப்பெண்ணெயில் எரிந்த கோயில் விளக்குகளுக்கெல்லாம் வௌவாலும் ஓர் உபயகாரர்.

பெரிய பழந்தின்னியின் சிறகு விரிந்தால் நான்கு அடி இருக்கும். அதன் பக்கத்தில் குட்டை மூக்குப் பழவௌவால் மிகச் சிறியது; சுமார் ஐம்பது கிராம். பனையின் தொங்கும் காவோலைக்கு அடியில் சின்னக் கூட்டமாக ஒண்டிக்கொண்டு பகலைக் கழிக்கும். காவோலையைப் பனையில் விட்டுவைத்த வளவில் அதற்கு இடம் கிடைக்கும். ஆனி ஆடியில் அந்தப் பனையடியைப் பார்த்தால் வேப்பங்கொட்டை குவிந்து கிடக்கும். வௌவால் பழத்தைப் பறித்த மரத்தில் உட்கார்ந்து தின்பதில்லை. கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்த் தின்னும். பழத்தை மென்று சாற்றை விழுங்கி, சக்கையை உமிழும். ஆலம்வித்துப் போன்ற சிறிய வித்துகள் வயிற்றுக்குள் போய்ப் பறக்கும்போதே எச்சத்தோடு விழும். பறவை கிளையில் உட்கார்ந்தே எச்சமிடுவதால் அது கொண்டுபோகும் வித்து மரங்களுக்கடியில் சேரும். வௌவாலின் வித்து வெட்டைவெளியிலும் விழும். வெறுங்காணி காடாக இரண்டு பேரும் வேண்டும்.

வேலியோரம்

குடாநாட்டு வேலி ஒரு காலத்தில் முழுக்க உயிருள்ளதாக இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டுக் குறுக்கே ஓலை கட்டுவார்கள். மாட்டுக்குக் குழை, வயலுக்குப் பசளை, வீட்டுக்கு மறைப்பு எல்லாம் அதில்.

பனிக்காலம் முடியும்போது முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதை விலங்கியலாளர் கார்ல் வொன் பிரிஷ் 1914இல் பரிசோதனையால் நிறுவினார். பறவைக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். முருக்கு யாரை அழைக்கிறது என்பது அதிலேயே தெளிவு. காகம், மைனா, கரிக்குருவி, தேன்சிட்டு எல்லாம் வரும். பூ தண்ணீராய் நிறையத் தேன் வைத்திருக்கும். குடிக்கக் குனிந்த காகம் தலை நிமிரும்போது நெற்றியில் மகரந்தப் பொடியோடு அடுத்த வேலிக்குப் போகும். இலை இல்லாத கிளையில் பூ தூரத்திலிருந்தே தெரிவதும், கனமான பறவை உட்காரக் கொத்தின் காம்பு தடிப்பாக இருப்பதும் காரணமில்லாமல் அமைந்தவை அல்ல.

பூவரசின் கூட்டாளி எறும்பு. ஒரு பூவரசிலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் இடத்துக்கு மேலே நடுநரம்பில் நீளமான ஒரு சிறு பள்ளம் தெரியும். இளம் இலையில் அது ஈரமாக மினுங்கும். அது பூவோடு தொடர்பில்லாத தேன் சுரப்பி. ஆமணக்கில் இலையும் காம்பும் சேரும் இடத்தில் குமிழ்களாகவும், பயற்றையில் பூங்காம்பிலும் அதே ஏற்பாடு உண்டு. எறும்பு தேனுக்கு வரும். வந்த இடத்தைத் தன் எல்லையாக எடுத்துக்கொள்ளும். அங்கே ஏறும் புழுவையும் முட்டையிட வரும் பூச்சியையும் விரட்டும். பயற்றங்கொடியில் எறும்பு ஊர்வதைக் கண்டவுடன் மருந்து தெளிக்கிறவர், கொடி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் காவல்காரனைக் கொல்கிறார்.

காவல்காரரில் மூர்க்கமானது முசுறு. மாவிலைகளைத் தன் குஞ்சுகளின் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும். தோடை மரங்களைக் காக்க இந்த எறும்பின் கூடுகளைச் சந்தையில் விற்றதைப் பற்றி நான்காம் நூற்றாண்டுச் சீன நூலொன்று சொல்கிறது. உயிரைக் கொண்டு பீடையைக் கட்டுப்படுத்தும் முறைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று. முசுறுவிடமும் குறை உண்டு. சாறு உறிஞ்சும் செதிற்பூச்சிகளை அவற்றின் இனிப்புக் கழிவுக்காக அது வளர்த்துப் பாதுகாக்கும். காவலுக்கு வந்தவர் தன் மாட்டையும் நம் தோட்டத்தில் கட்டுகிற கதை. லாப நட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் மரத்துக்கு லாபமே மிஞ்சும்.

கத்தரிப்பூவில் அதிர்வு

முருங்கை இல்லாத யாழ்ப்பாண வளவை நினைக்க முடியாது. அதன் காய்ப்பு கருவண்டைப் பெரிதும் நம்பியிருக்கிறது. தேனீயும் முருங்கைப்பூவுக்கு வரும். ஆனால் பூவின் அமைப்பைத் தள்ளித் திறந்து, மகரந்தத்தை உடம்பில் வாங்கும் கனமும் வலுவும் கருவண்டிடம்தான் இருக்கின்றன. விசாகப்பட்டினத்தில் செய்து 1990இல் வெளியான ஆய்வும் கருவண்டு இனங்களையே முருங்கையின் முக்கிய மகரந்தக்காரராக இனங்கண்டது. கருவண்டு கூடு கட்டுவது காய்ந்த மரத்தில். பட்டுப்போன கதியாலிலும் பழைய வளையிலும் வட்டமாகத் துளைத்து உள்ளே போகும். வீட்டுக்காரருக்கு அந்தத் துளை எரிச்சல். அதே வீட்டின் முருங்கைக்காய்க் குழம்புக்கு அந்தத் துளையும் ஒரு காரணம்.

கத்தரியில் நடப்பதைக் காலை வேளையில் பக்கத்தில் நின்று கவனிக்கலாம். ஊதாப் பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்திருக்கும். அவை பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் மட்டும் ஊசித்துளை அளவுக்குத் திறக்கும். பூவில் தேனும் இல்லை. நீலக் கோடு போட்ட தேனீயோ கருவண்டோ வந்து கூம்பைக் கால்களால் கட்டிப் பிடிக்கும். சிறகு அசையாமல் இருக்க, உடம்பின் பறக்கும் தசைகள் மட்டும் அதிரும். பறக்கும்போது கேட்கும் ஒலியைவிடக் கூர்மையான ஒரு சத்தம் சட்டென்று எழும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே வண்டின் வயிற்றில் கொட்டும். பெட்டி வைத்து வளர்க்கும் தேனீயால் இப்படி அதிர முடியாது. தக்காளிக்கும் இதே வழிதான். ஐரோப்பாவின் கண்ணாடிக்கூடங்களில் தக்காளிப் பூவை ஆட்கள் அதிர்கருவியால் தொட்டுத் தொட்டு வேலை செய்தார்கள். 1980களின் பிற்பகுதியில் வளர்ப்பு வண்டுகள் வந்த பிறகு அந்தக் கூலி மிச்சமானது. நம் தோட்டத்தில் அதை இலவசமாகச் செய்கிறவரின் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கு இலையான்தான் பெரிய துணை. ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருந்தாலும் பல ஆண் பூக்கள், காயாவது சிலதான். பூ சிறியது, திறந்தது, தேன் மேலாகவே இருக்கிறது. நீண்ட நாக்கு இல்லாத இலையானுக்கு அது வசதி. இலையானை அருவருப்பவர்கள் சித்திரை கழிந்து மாம்பழம் நறுக்கும்போது அதை நினைப்பதில்லை.

குருவிச்சையின் கணக்கு

அதே மாமரத்தில் குருவிச்சையும் இருக்கும். மரத்தின் தண்ணீரை உறிஞ்சி வாழும் இந்தச் செடியை வெட்டி எறியச் சொல்லாத தோட்டக்காரர் இல்லை. மாமரத்தோடு அதன் உறவு சுரண்டல். பறவையோடு அதன் உறவு நாம் இதுவரை பார்த்ததுபோல இருதரப்புக்கும் லாபமானது. குழாய்போன்ற பூக்களுக்குத் தேன்சிட்டு வரும். பழத்துக்குப் பூக்கொத்தி வரும். பூக்கொத்தி இலங்கையின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று; நீளம் எட்டு சென்ரிமீற்றர் அளவே. பழத்தின் வித்தைச் சுற்றிக் கடும் பசை உண்டு. அது வயிற்றைக் கடந்து வந்த பின்னும் போகாது. எச்சமிடும் பறவை வித்தைத் தள்ளிவிடக் கிளையில் உடம்பைத் தேய்த்தாக வேண்டும். வித்து முளைக்க வேண்டிய இடமும் அதுவே, உயிருள்ள ஒரு கிளை.

ஒரே உயிர் ஒருவருக்குக் கொள்ளைக்காரர், இன்னொருவருக்குக் கூட்டாளி. ஆலும் அப்படித்தான், குளவிக்கும் குயிலுக்கும் பங்காளி, பனைக்குச் சுமை. நல்லது கெட்டது என்று உயிர்களைப் பிரிக்க முடியாது. உறவுகளைத்தான் பிரிக்கலாம், அதுவும் யார் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு.

பனம்பழம் யாருக்காக?

கடைசியாகப் பனைக்கே வருவோம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள, மணமும் இனிப்பும் நிறைந்த, நார்ச்சதைக்குள் மூன்று வரை கல்லுப்போன்ற கொட்டைகள் உள்ள பழத்தை எந்தப் பறவை தூக்கும்? எந்த வௌவால் கொண்டுபோகும்? 1982இல் ஆய்வாளர்கள் டானியல் ஜான்சனும் போல் மார்ட்டினும் மத்திய அமெரிக்காவின் பெரும் பழங்களைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அவற்றைத் தின்ற பேருயிர்கள் பல்லாயிரம் ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டன, பழம் மட்டும் பழைய வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறது என்பது அவர்கள் சொன்ன பதில். ஆபிரிக்கப் பனையின் பழத்தை யானை விழுங்கி, கொட்டையைச் சாணத்தோடு தொலைவில் போடுகிறது. நம் பனையின் பழமும் அதே கட்டமைப்பு.

குடாநாட்டில் இன்று காட்டு யானை இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்திக் கொண்டுவந்து ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றி விற்றார்கள். இப்போது பழத்தைச் சூப்புவது மாடு. அது கொட்டையை அதிக தூரம் கொண்டுபோகாது. ஆடி ஆவணியில் விழும் கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தி போடுகிறவர்கள் மனிதர்கள். பனங்கொட்டை முளைக்கும் விதம் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கிறது. அது முதலில் மேலே வராமல் ஒரு தண்டை நேராக மண்ணுக்குள் இறக்கி, சேமிப்பைக் கீழே கொண்டுபோகிறது. அங்கே உருவாவதுதான் கிழங்கு. நாம் அதைத் தோண்டி ஒடியலும் புழுக்கொடியலும் ஆக்குகிறோம். தோண்டாமல் விட்டதும், வேண்டுமென்றே எல்லையில் ஊன்றியதும் வடலியாகின்றன. யானை விட்ட இடத்தை யாழ்ப்பாணத்தார் நிரப்பியிருக்கிறார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்ததும் அந்த நீண்ட கூட்டின் ஒரு பகுதியே. பனை நமக்கு ஓலையும் கிழங்கும் பதனீரும் தருகிறது. நாம் அதன் கொட்டையைக் கொண்டுபோய் நடுகிறோம். இதுவரை பார்த்த குயிலும் வௌவாலும் செய்யும் அதே வேலை.

மதில் எழும்போது

இப்போது குடாநாட்டில் வேலிகள் போய் மதில்கள் வருகின்றன. ஓலை மேய வேண்டியதில்லை, ஆண்டுதோறும் கதியால் மாற்ற வேண்டியதில்லை, பாதுகாப்பும் கூட. காரணங்கள் நியாயமானவை. ஆனால் ஒரு வேலி மதிலாகும்போது காகத்துக்கு முருக்கம்பூவும், எறும்புக்குப் பூவரசின் தேனும், கருவண்டுக்குப் பட்டுப்போன கதியாலும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. முருங்கை உள்ளே நின்றுகொண்டேதான் இருக்கும்.

ஓர் இனம் அழிவதற்கு முன்பே அதன் உறவுகள் அழிந்துவிடும், அந்த அழிவு கண்ணுக்குத் தெரியாது என்ற கருத்தை ஜான்சன் 1974இலேயே முன்வைத்தார். மரநடுகை விழாக்களில் கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறோம். எந்தக் கன்று, அதற்கு யார் வருவார், வருகிறவர் ஆண்டின் மற்ற மாதங்களில் எங்கே சாப்பிடுவார் என்பவை கேட்கப்படாத கேள்விகள். செய்யக்கூடியவை பெரிய செலவும் அல்ல. மதிலின் ஒரு பக்கமாவது நாலைந்து முருக்கங்கதியால் நிற்கட்டும். ஒரு பட்ட மரத்தை விறகாக்காமல் வண்டுக்கு விடலாம். ஒன்றிரண்டு பனையில் காவோலையை வெட்டாமல் விடலாம். பூ விரிந்திருக்கும் காலையில் மருந்தடிக்காமல் பொழுதுபட அடிக்கலாம். கோயில் காணிகளில் அலங்காரச் செடிகளோடு ஓர் இலுப்பையும் ஓர் ஆலும் வைக்கலாம்.

எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணுவது எளிது. ஒரு காலையில் உங்கள் முருங்கைப்பூவுக்கு எத்தனை கருவண்டு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்; அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் எண்ணுங்கள். அந்தத் தொகை குறையும்போது மரம் பச்சையாகவே இருக்கும், பூவும் கொத்தாகவே பூக்கும். காய்தான் குறையும், அதற்கும் நாம் உரத்தைத்தான் குற்றம் சொல்வோம்.